ஆடிட்டு வர்றாளாம்

டிசம்பர் பிறப்பதற்கு முன்னால் ஒரு கூடைப்பந்து அணியைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் இதைச் சொல்வோம். சொல்லிவிட்டு நவம்பரிலேயே முடிவுக்கு வந்துவிடுவோம். ஆறு ஆட்டம் போதும். கடைசி ஐந்து நிமிடத்தில் பந்தைக் கேட்கிறவள் யார், கேட்காமல் ஷூ லேஸைப் பார்க்கிறவள் யார் என்று தெரிந்துவிடும்.

கல்லூரிக் குழுவினர் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் தாளில் இருப்பது என் கையெழுத்துதான். 1993 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் வாரத்துத் திங்கட்கிழமை எழுதியது. நான் அப்போது இந்தக் கல்லூரிப் பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் மெர்ல் டீட்ரிக். அவருக்கு அறுபத்து மூன்று வயது. அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"நடுவுல ஒரு கோடு போடு கார்லீன்," என்றார். "இந்தப் பக்கம் பலம், அந்தப் பக்கம் பலவீனம். கதை எழுதாதே. ஒரு தாளுக்குள்ள முடி."

பலவீனங்கள் வரிசையாக வந்தன. யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோவிலேயே பத்துக்கு ஐந்துதான் விழுகிறது. எதிரணி நெருக்கினால் பந்தைக் கொண்டுபோக ஆளில்லை. பெஞ்சில் இருக்கிறவர்கள் பெஞ்சில் இருக்கத்தான் லாயக்கு. பலம் என்ற பக்கத்தில் ஒரே பெயர் எழுதினேன். ராஷெல் கோவாரிக், சென்டர், கூடைக்கு அடியில் ஆடுகிறவள். ஆறடி இரண்டு அங்குலம், மூன்றாம் ஆண்டு. அவள் ஆடுகளத்தில் நின்ற நேரத்தில் நாங்கள் ஆறு ஆட்டத்திலும் முன்னிலையில் இருந்தோம். அவள் மூச்சு வாங்க உட்கார்ந்த நேரத்தில் ஆறு ஆட்டத்திலும் பின்தங்கினோம். தாளின் அடியில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "இவள் இல்லையென்றால் நாம் ஓர் அணியே இல்லை."

மெர்ல் படித்துவிட்டுச் சிரித்தார். "அப்போ அவளுக்குச் சளி பிடிக்காம பாத்துக்கோ."

அவர் மேல் பழியைப் போடுவது எனக்கு வசதியாக இருக்கும். அவர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. ஆனால் அடுத்து நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

ராஷெலின் குடும்பம் ஆர்ட் என்ற ஊருக்கு வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருந்தது. அவள் அப்பா லம்பேர்ட் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்க மாட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேதான் பார்ப்பார். அம்மா அடெலின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளம் பழம் வைத்துச் சுட்ட ரொட்டி ஒரு பெட்டி கொண்டுவருவாள். டுவெய்ன் என்று ஓர் அண்ணன். பேச்சு குறைந்த குடும்பம். செக் நாட்டிலிருந்து வந்து நூறு வருடமாக அந்த மண்ணில் உழுகிறவர்கள். மனசில் இருப்பதை வாயால் சொல்வது அவர்களுக்கு ஊதாரித்தனம்.

அந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கான்சஸில் சலைனா என்ற ஊரில் நான்கு அணிகளின் போட்டி. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அரையிறுதி, சனிக்கிழமை பன்னிரண்டுக்கு இறுதி. வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு மோட்டலிலேயே வான்கோழி போட்டார்கள், அட்டை மாதிரி இருந்தது. ராஷெல் வரவேற்பறைத் தொலைபேசியில் அப்பாவோடு பேசினாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"முழங்கையை அகல வைடீ, இடம் தானா கிடைக்கும்னார். வேற என்ன சொல்வார்? மாட்டுக்கும் அதையேதான் சொல்வார்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு என் அறைத் தொலைபேசி அடித்தது. போட்டி நாட்களில் பெண்களுக்கு வரும் அழைப்பு எதுவானாலும் என் அறைக்குத்தான் வர வேண்டும் என்று முன்மேசையில் சொல்லி வைத்திருந்தோம். அவர்கள் கவனம் சிதறக்கூடாது என்பதற்காக. நான் வைத்த ஏற்பாடுதான்.

"டுவெய்ன் கோவாரிக் பேசறேன். அப்பா தொழுவத்துல விழுந்துட்டார். இதயம். ஆஸ்பத்திரியில இருக்கோம். நினைவு இருக்கு. ராஷெல் எங்கன்னு கேக்கறார்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"ஒரு நாள், ரெண்டு நாள்ங்கறார். அவளைக் கிளம்பச் சொல்லுங்க கோச். நாலு மணி நேரம்தான். ரோடு நல்லாத்தான் இருக்கு."

"இப்பவே சொல்றேன்," என்றேன்.

சொல்லத்தான் இறங்கிப் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் சாப்பாட்டு அறையில், கணுக்காலில் பட்டை சுற்றிக்கொண்டு, மூன்றாவது வாஃபிளில் பாகை ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொல்ல, வாயில் இருந்தது வெளியே வரும் அளவுக்குச் சிரித்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கல்லூரி விளையாட்டுத் துறையின் இயக்குநர் காரை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். மெர்லுக்குப் பிறகு யார் என்று முடிவு செய்ய வேண்டியவர், மனைவியோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தார்.

"என்ன கோச், பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் ராஷெல்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடு," என்றேன்.

ஆட்டம் மூன்று மணிக்கு முடிந்துவிடும். உடனே கிளம்பினால் ஏழு மணிக்கு அப்பா பக்கத்தில் இருப்பாள். ஆறு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். மருத்துவர் ஒரு நாள், இரண்டு நாள் என்கிறார். இப்படித்தான் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு டுவெய்ன் மறுபடி கூப்பிட்டான். "கிளம்பிட்டாளா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னும் சொல்லவில்லை, இதோ சொல்கிறேன் என்றிருந்தால் அவன் இரண்டு வார்த்தை திட்டியிருப்பான், அதோடு போயிருக்கும். ஆனால் அவனுடைய குரலில் அவசரம் இருந்தது. பயந்துவிட்டேன்.

"சொல்லிட்டேன் டுவெய்ன். ஆட்டம் முடிஞ்சதும் வர்றேன்னு சொல்றா."

அவனுக்குப் பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"அவளா சொன்னா?"

"அப்பா இருந்தா ஆடிட்டு வான்னுதான் சொல்லியிருப்பார்னா."

"அப்பா இருக்கார் கோச்," என்றான். "இங்கதான் இருக்கார். அவகிட்ட கொடுங்க, நான் பேசறேன்."

"பிள்ளைங்க எல்லாம் கோர்ட்டுக்குக் கிளம்பிட்டாங்க."

அவர்கள் மாடியில் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ராஷெல் முப்பத்தோரு புள்ளி எடுத்தாள். கூடையில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்த ரீபவுண்ட் பதினேழு. இந்தக் கல்லூரியில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. இறுதிக்குப் போய்விட்டோம். இயக்குநர் மூன்றாவது வரிசையிலிருந்து இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார்.

நாலு மணிக்கு நானே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்தேன். அதை என் பக்கத்தில் வரவு வைத்துக்கொள்ள ரொம்ப காலம் முயன்றிருக்கிறேன். அம்மா எடுத்தாள். லம்பேர்ட் கொஞ்சம் தேறியிருப்பதாகவும், தூங்குவதாகவும் சொன்னாள். தேறியிருக்கிறார் என்ற ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. ராஷெல் களைத்துப் போயிருக்கிறாள், இருட்டில் கார் ஓட்டினால் ஆபத்து, நாளைக்கு மத்தியானம் ஆட்டம் முடிந்து வருகிறாளாம் என்றேன்.

"நாளைக்கா?" என்றாள் அடெலின். "பக்கத்துல இருந்தா கொடும்மா. குரலை மட்டும் கேட்டுக்கறேன்."

"தூங்கிட்டா."

"சரி," என்றாள். "எழுப்ப வேண்டாம்."

ராஷெல் அந்த நேரம் வரவேற்பறையில் நின்று வீட்டுக்குத் தொலைபேசி செய்துகொண்டிருந்தாள். நான் இறங்கி வந்தபோது உதட்டைப் பிதுக்கினாள். "மூணு தடவை போட்டுட்டேன். யாரும் எடுக்கல."

"தீவனம் வைக்கப் போயிருப்பாங்க," என்றேன். அவள் தலையாட்டினாள். மாட்டுக்காரர் மகள், அந்த நேரத்தில் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு டுவெய்ன் கூப்பிட்டு, அப்பா போய்விட்டார் என்றான். அவனுக்கு என் பதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நான் செய்ததற்கு, முன்பு சொன்ன காரணம்கூடக் கிடையாது. காப்பாற்ற வேண்டிய நேரம் எதுவும் மிச்சமில்லை. இனி போனாலும் அவர் இல்லை, அப்புறம் ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேள்வி நியாயமானதாகத் தோன்றியது. அப்பா இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தபோது அவளை ஆடுகளத்துக்கு அனுப்பினேன். நாற்பது நிமிடமும் ஆடினாள், ஒரு தடவைகூட உட்கார வைக்கும்படி மெர்லிடம் நான் சொல்லவில்லை. நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். சிறந்த ஆட்டக்காரி என்று அவளுக்குக் கோப்பை கொடுத்தார்கள். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக ஒரு புகைப்படம்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே, நடைவழியில் வைத்துச் சொன்னேன். இப்போதுதான் அழைப்பு வந்தது என்றேன்.

அவளை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு மணி நேரம். யார்க் என்ற ஊரைத் தாண்டியதும் அவள், எப்போது விழுந்தார் என்று கேட்டாள். எப்படியும் வீட்டில் தெரிந்துவிடும். எனவே வெள்ளிக்கிழமை என்றேன்.

"வெள்ளிக்கிழமையா? ஏன் யாரும் எனக்குச் சொல்லல?"

"உங்க அப்பாதான் சொல்ல வேண்டாம்னாராம். அவ ஆடட்டும்னாராம்." கையை நீட்டி அவள் முழங்காலைத் தட்டினேன். "இதைப் பத்தி அம்மாகிட்ட கேட்டுடாதே ராஷெல். சொல்லாம விட்டுட்டமேன்னு அவங்களுக்கே உள்ள குத்திட்டு இருக்கும். நீ வேற கேட்டா தாங்க மாட்டாங்க."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் கோச்," என்றாள்.

பண்ணை வீட்டு வாசலில் டுவெய்ன் நின்றிருந்தான். ராஷெல் படியேறினாள். அவன் வழிவிடவில்லை.

"ஜெயிச்சீங்களா?" என்றான்.

அவள் அதை அன்பாக எடுத்துக்கொண்டாள். அப்பாவின் ஆசை நிறைவேறியதா என்று கேட்கிறான் என்று நினைத்தாள்.

"ஜெயிச்சோம்," என்றாள். கொஞ்சம் சிரிக்கக்கூட முயன்றாள்.

அவன் விலகி வழிவிட்டான். நான் இரண்டு படி கீழே அவளுடைய பையோடு நின்றிருந்தேன். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் உள்ளே போனதும் டுவெய்னிடம் மெதுவாகச் சொன்னேன்: "அவ உடைஞ்சு போயிருக்கா. வராம விட்டதைப் பத்தி எதுவும் பேசிடாதீங்க."

"எங்க வீட்டுல நாங்க பேசறவங்க இல்ல," என்றான் அவன்.

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அடக்கம் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை வந்த உள்ளூர் வாரத்தாளில் மூன்றாம் பக்கத்தில் லம்பேர்ட் கோவாரிக், வயது ஐம்பத்தெட்டு. ஆறாம் பக்கத்தில் கோப்பையோடு சிரிக்கிற மகள். படத்தின் கீழே சனிக்கிழமை என்று போட்டிருந்தது.

அதன் பிறகு ரொட்டிப் பெட்டி வரவில்லை. அந்த வசந்தத்தில் ஒருநாள் ராஷெல் என் அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்தினாள். "அம்மா என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறாங்க. நான் ரூமுக்குள்ள வந்தா எழுந்து போயிடறாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"துக்கம் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி," என்றேன். "கொஞ்சம் காலம் கொடு."

முப்பத்தோரு வருடம் கொடுத்தாள்.

அந்த ஜூனில் எனக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. இந்தக் கல்லூரியில் அந்த வேலையைப் பெற்ற முதல் பெண். மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. இருபத்தாறு பருவங்கள், நானூற்றுச் சொச்சம் வெற்றிகள். ஆடுகளத்துக்கு என் பெயர் வைக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கியவர்களில் முதல் கையெழுத்து ராஷெலுடையது. அவள் கல்யாணத்தில் அம்மா சடங்கு முடிந்ததும் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேக் வெட்டும்போது பக்கத்தில் நின்றது நான். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனது நான். அந்தக் குழந்தை என்னைப் பாட்டி என்று கூப்பிட்டது. நான் தடுக்கவில்லை.

டுவெய்ன் உங்களுக்கு எழுதிய கடிதம் உண்மை. தேதிகூடச் சரியாக இருக்கிறது. ஆனால் எனக்கு எப்படி மனம் வந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் அதை மட்டும் நான் சொல்கிறேன்.

இந்த மார்ச்சில் அடெலின் இறந்தாள். எண்பத்தெட்டு வயது. கடைசி மூன்று வாரம் ராஷெல் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அம்மா அவளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறாள், போர்வை கேட்டிருக்கிறாள். வேறெதுவும் பேசவில்லை. மே மாதம் ராஷெல் வழக்கம்போல் என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "கடைசி வரைக்கும் எனக்குப் புரியவே இல்ல கோச்," என்றாள். அப்போது சொல்லிவிட்டேன். காப்பி ஆறும்வரை சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிற அதே வரிசையில்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

"டுவெய்ன் மூணு தடவை. ஒரு தடவை நான் கூப்பிட்டேன், அம்மா எடுத்தாங்க."

"அம்மா என்ன கேட்டாங்க?"

"உன் குரலைக் கேக்கணும்னாங்க."

அவள் கோப்பையைத் தட்டின் நடுவில் சரியாக வைத்தாள்.

"ஏன் இவ்வளவு நாள் சொல்லல?"

"உங்க அம்மாவுக்கு வயசாயிடுச்சு. அந்த வயசுல அவங்களை நோகடிக்க வேண்டாம்னு…"

"அம்மா மார்ச்லதான் போனாங்க," என்றாள் ராஷெல். "பிப்ரவரில சொல்லியிருக்கலாம்."

அந்த அம்மா போகும்வரை நான் காத்திருந்தேன். அவள் இருக்கும்வரை இதைச் சரிசெய்ய முடிந்திருக்கும். சரிசெய்ய முடிந்தவரை சொல்வதற்கு எனக்குப் பயம் இருந்தது. சரிசெய்ய முடியாது என்றானபோது நாக்கு தானாக எழுந்தது.

ராஷெல் கைபேசியை எடுத்து அண்ணனுக்குப் போட்டு, ஒலியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். "அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். சுருக்கமாகத்தான் வந்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சலைனாவில் நான் சொன்னதெல்லாம் பொய், அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றேன். அந்தப் பக்கம் டிராக்டர் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதை அணைத்த சத்தம்.

"ராஷெல், நீ அங்க இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்."

"அன்னிக்கு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன். ஆடிட்டு வர்றாளாம்ப்பான்னு. அவர் ஒத்துக்கவே இல்ல. அவளுக்கு யாரும் சொல்லலடா, தெரிஞ்சா அந்த உடுப்போடயே ஓடி வந்திருப்பான்னார். சனிக்கிழமை விடிகாலையிலயும் அதையேதான் சொன்னார். நானும் அம்மாவும், மனசைத் தேத்திக்கறார்னு நினைச்சோம். நாங்க நம்பல ராஷெல். அவர் சொன்னாரு, நாங்கதான் நம்பல."

அவள் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காருக்குள் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினாள். தலையை ஸ்டீயரிங்கில் வைத்து அழுதாள்; பிறகு நிமிர்ந்து எதையோ சொல்லிக் கையை வீசினாள். அந்த வீட்டு மனிதர்கள் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. அவளுடைய கோட்டு என் நாற்காலியிலேயே இருந்தது. அதை எடுக்க உள்ளே வரவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் நான் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. கோட்டைத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஆடுகளத்துக்கு என் பெயர் வேண்டாம். அதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அணிக்காகச் செய்தீர்களா என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். அணிக்காக என்று சொல்லத்தான் இவ்வளவு வருடமும் பழகியிருந்தேன். ஆனால் நவம்பர் மாதத்து நான்கு அணிப் போட்டியை யாரும் நினைவில் வைப்பதில்லை. அதில் தோற்றிருந்தால் அந்தப் பெண்கள் பேருந்தில் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள், அப்புறம் பாட ஆரம்பித்திருப்பார்கள். எனக்குத்தான் அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயது. இயக்குநர் மூன்றாவது வரிசையில் இருந்தார். ஒரு மனிதன் மகளைக் கேட்டுக்கொண்டே செத்தான், நான் அவளை ஆடவிட்டேன். இதை எந்த வார்த்தையில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வெட்கம் என்று ஒன்று இருக்கிறது, அது இனி போகாது. காலையில் கண்ணாடி பார்க்கும்போது அது எனக்கு முன்னால் அங்கே நிற்கிறது. ஆனால் டுவெய்ன் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து, ஒரு விஷயத்தில் மட்டும் மனம் லேசாகியிருக்கிறது. மகள் தன்னைக் கைவிடவில்லை என்று லம்பேர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் போயிருக்கிறார். அப்படிப் பார்த்தால், அவருக்கு நான் ஒரு கெடுதலும் செய்துவிடவில்லை.